மூன்றாவது கம்பி

உன் பெட்டி இன்னும் ஹாலில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காட்டவென்று நீ இறக்கி வைத்த அதே இடத்தில், டி.வி. மேசைக்குப் பக்கத்தில். பச்சை பெயின்ட் வாடை இன்னும் போகவில்லை. பெருக்கும்போது அதைத் தொடாமல் சுற்றிப் பெருக்குகிறேன்.

வெள்ளிக்கிழமை டி. கல்லுப்பட்டியில் உன் கடை திறப்பு. விளக்கை நான்தான் ஏற்ற வேண்டும் என்றாய். சரி என்றேன். பிறகு நான் ஒன்று கேட்டேன், நீ ஒரு வரியில் பதில் சொன்னாய், நான் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். நீ அதைக் கவனித்திருக்க மாட்டாய். கவனிக்கும்படியாக நான் எதையும் செய்வதில்லை. இந்தக் கடிதம் அந்த ஒரு வரிக்கான பதில். போனில் சொல்லலாம்தான். போனில் நீ குறுக்கே பேசுவாய், கணக்கு பாதியில் நின்றுவிடும். இது கணக்கு. முழுதாகச் சொல்ல வேண்டும்.

அன்று உன்னோடு இரண்டு சம்சாரிகள் வந்திருந்தார்கள். ஊர்க்காரர்கள், உனக்கு மாமா முறை. மல்லித் தோட்டம் வைத்திருப்பவர்கள். கே.கே. நகர் வீட்டின் மொசைக் தரையில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் பெட்டிக்குப் பக்கத்திலேயே குத்தவைத்தார்கள். மூத்தவர் அதைத் தட்டிப் பார்த்தார்.

"ஏம்ப்பா, இம்புட்டுக்காணு பெட்டிக்குள்ளயா அஞ்சு எச்பி மோட்டாரு ஓடும்?"

"மோட்டாரு கெணத்துலதான் மாமா ஓடும். பெட்டி வெளிய இருக்கும்."

"எகத்தாளத்தப் பாரு. இவங்கப்பன உரிச்சு வச்சிருக்கான்."

எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். நீ அவர்களுக்குப் புரியும்படி சொன்னாய். மூன்று ஃபேஸும் சேர்ந்து வருவது கொஞ்ச நேரம். மிச்ச நேரமெல்லாம் இரண்டுதான். இரண்டில் மோட்டார் முனகும், சுற்றாது. இந்தப் பெட்டிக்குள் கன்டென்சர் இருக்கிறது. மூன்றாவது ஃபேஸும் வந்துவிட்டதாக அது மோட்டாரை ஏமாற்றும். "நம்மள அவங்க ஏமாத்துறாங்க, நாம மோட்டார ஏமாத்துவோம், சரித்தான்" என்றார் இளையவர். அப்புறம் நீ எனக்காகக் கணக்கைச் சொன்னாய். மற்றவர்களிடம் சொல்லாத குரலில், பாஷை மாறி. ஐந்து குதிரைத்திறன் மோட்டார் மூன்று கம்பிகளிலும் ஏழரை ஆம்பியர் வாங்கும். ஒரு கம்பி போனால் அதே வேலையை இரண்டு கம்பிகள் செய்ய வேண்டும். ஏழரையை மூன்றின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் பதின்மூன்று. கம்பிச்சுருள் காந்தும், எரியும். கன்டென்சர் அந்தப் பதின்மூன்றை எவ்வளவு கீழே இறக்கும் என்பதற்கு நீ போட்ட கணக்கு சரி. மனதுக்குள் நானும் போட்டுப் பார்த்தேன். ஓரிடத்திலும் தவறு இல்லை.

அப்போதுதான் கேட்டேன். "கரண்டு கம்பத்துலருந்து மூணாவது கம்பி வந்து சேர்ற முனை இருக்குல்ல. அது?"

"அது சும்மா கெடக்கும்மா. அதுல ஒண்ணும் வராது."

உன் அப்பா கடைசியாகச் சொன்னதும் கிட்டத்தட்ட இதே வார்த்தைகள்தான்.

நீ மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாய். உன்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவந்தது உன் பெரியப்பா. கரண்ட் அடித்துவிட்டது என்று சொன்னோம். நீ அதற்கு மேல் கேட்கவில்லை; வளர்ந்த பிறகும் கேட்கவில்லை. லைன்மேன் வேலை, கம்பத்தில் ஏறினார், கரண்ட் அடித்தது. இதில் கேட்க என்ன இருக்கிறது என்று உனக்குத் தோன்றியிருக்கலாம். எனக்கும் சொல்ல ஒரு சந்தர்ப்பம் வாய்க்கவில்லை. இப்போது பெட்டி வந்திருக்கிறது.

சித்திரை மாதம். காலையில் வீசிய காற்றில் வேப்பங்கிளை ஒன்று ஒடிந்து, தோட்டங்களுக்குப் போகும் மூன்று கம்பிகளில் ஓரத்துக் கம்பியின் மேல் விழுந்தது. கம்பி அறுந்தது. உன் அப்பாவும் அவருக்கு ஹெல்பராக இருந்த காசி அண்ணனும் டிரான்ஸ்ஃபார்மரடிக்குப் போனபோது அங்கே ஏற்கெனவே கூட்டம். இதையெல்லாம் காசி அண்ணன் பிறகு என்னிடம் சொன்னார். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அதனால் எனக்கு மனப்பாடம்.

"அண்ணே, மொத்தமா அமத்திப்புடாதீங்கண்ணே. பூவு கருகுது."

"ஒரு கம்பிதான அறுந்துச்சு? அதுக்கு மட்டும் பீஸப் பிடுங்குங்க. ரெண்டு இருந்தாப் போதும், நாங்க கன்டென்சருல ஓட்டிக்கிருவோம்."

"மாட்டிவிட்ட புண்ணியவானே நீங்கதான. நீங்களே அமத்துனா எப்பிடி?"

ஆமாம். மாட்டிவிட்டது அவர்தான். அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் முதல் கன்டென்சரை மாட்டியவர் உன் அப்பா. லைன்மேன் செய்யக்கூடாத வேலை. ஆனால் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, வயலில் இல்லை, நடுவில் ஒரு ஃபேஸ் இல்லை. கெஞ்சினார்கள், மாட்டினார். ஒரு தோட்டத்தில் ஓடியதைப் பார்த்து அடுத்த தோட்டத்தில் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் கிளம்பிப் போவார். கோழி அடித்துச் சோறு போட்டு அனுப்புவார்கள். நம் தோட்டத்திலும் மாட்டியிருந்தார், உன் பெரியப்பா ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் செய்தது உன்னுடையதைப் போலப் பெட்டி இல்லை. பலகையில் அறைந்த இரண்டு கன்டென்சர், ஒரு சுவிட்ச். நீ அதைப் பார்த்ததே இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீ உன் பெட்டியின் மூடியைக் கழற்றிக் காட்டியபோது உள்ளே கம்பிகள் போகும் வழி எனக்குத் தெரிந்த வழியாகவே இருந்தது.

"சரி சரி, கத்தாதீங்கடா. ஒண்ணத்தான் பிடுங்குறேன்" என்றாராம். டிரான்ஸ்ஃபார்மரில் ஓரக் கம்பிக்கான பீஸ் கட்டையை மட்டும் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அறுந்து தரையில் கிடந்த முனையில், தோட்டங்களின் பக்கம் போகும் முனையில், டெஸ்டரை வைத்துப் பார்த்தார். விளக்கு எரியவில்லை. இதை நீ நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் பார்க்காமல் ஏறவில்லை. காசி அண்ணன் கேட்டிருக்கிறார்: "அண்ணே, மத்த ரெண்டையும் பிடுங்கிருவமா?" அதற்கு உன் அப்பா: "அது பாட்டுக்கு அது ஓடட்டும். இது சும்மாதான் கெடக்கு." கம்பியின் முனையைக் கயிற்றில் கட்டி, கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஏறினார். உச்சிக்குப் போய்க் கயிற்றை இழுத்து, கம்பியைக் கையில் பிடித்தார்.

அவ்வளவுதான்.

மூன்றையும் பிடுங்கியிருக்க வேண்டும், கம்பியை மண்ணோடு சேர்த்துக் கட்டியிருக்க வேண்டும், கையுறை போட்டிருக்க வேண்டும் என்று விசாரணைக்கு வந்தவர்கள் சொன்னார்கள். அதெல்லாம் உண்மை. பிடுங்கிய பீஸ் கட்டை அவருடைய சட்டைப்பையிலேயே இருந்தது. அப்படியென்றால் கரண்ட் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்துக் கம்பியில் உரசியிருப்பார் என்று முடித்துக்கொண்டார்கள். காசி அண்ணன் மட்டும் "உரசலம்மா, உரசல. நான் கீழருந்து பாத்துக்கிட்டேதான இருந்தேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த மனிதர் அப்போதே குடிக்க ஆரம்பித்திருந்தார். குடிகாரன் பேச்சு என்றார்கள்.

இன்னொன்றும் அந்த நாட்களில் என் காதில் விழுந்தது. துக்கம் கேட்க வந்த டீக்கடைக்காரர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய கடைக்கு அந்த ஓரக் கம்பியிலிருந்துதான் கரண்ட். "கம்பி அறுந்ததும் பல்பு அமந்துருச்சு. கொஞ்ச நேரங்கழிச்சு மினுக்குன்னு எரிஞ்சுச்சு பாரு. மங்கலா. அடடா, அண்ணன் அதுக்குள்ள வேலைய முடிச்சுட்டாரே, டீயப் போட்டு வைப்போம்னு பால அடுப்புல வச்சேன்." சொல்லிவிட்டு அழுதார். ஒரு மங்கலான பல்பு. அப்போது எனக்கு அது ஒன்றும் சொல்லவில்லை.

உன்னைக் கூட்டிக்கொண்டு மதுரைக்கு வந்தேன். பி.எஸ்ஸி. இயற்பியல் அதுவரை எதற்கும் பயன்படவில்லை. பாலிடெக்னிக்கில் மின்சார லேபில் வேலை கிடைத்தது. கருவிகளைத் துடைத்து வைப்பது, மாணவர்கள் கேட்கும்போது எடுத்துக் கொடுப்பது. வேண்டாம் என்று சொல்லக்கூடிய நிலையில் இல்லை. முதல் மாதங்களில் மெயின் சுவிட்சைத் தொடுவதற்கு முன் கையை முந்தானையில் துடைத்துக்கொள்வேன். நான் பயப்படுவதாக மாணவர்கள் நினைத்தார்கள். பயம் இல்லை. அது வேறு.

அங்கேதான் ஒரு நாள் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு பீஸ் போனது. மோட்டார் நிற்கவில்லை. முனகிக்கொண்டே சுற்றியது. ஒரு மாணவன் போன ஃபேஸின் முனையில், மோட்டார் பக்கத்தில், வோல்ட்மீட்டரை வைத்தான். முள் இருநூறைத் தாண்டி நின்றது.

"சார், மீட்டர் அவுட்டு."

"மீட்டரெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீதான் அவுட்டு" என்றார் ஆசிரியர். "மோட்டார் சுத்துற வரைக்கும், வராத ஃபேஸை அதுவே உண்டாக்கிக்கிட்டு இருக்கும். ரிவர்ஸ்ல தள்ளும். பரீட்சைக்கு வராது, விடு."

எல்லாரும் சிரித்தார்கள். நான் அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டீக்கடை பல்பு எரிந்தது.

இனி கணக்கு. நீ எனக்குச் சொன்னது மோட்டாருக்குள் போகும் கரண்ட். நான் சொல்வது மோட்டாரிலிருந்து வெளியே வரும் கரண்ட். இரண்டு ஃபேஸில் ஓடும் மோட்டார் மூன்றாவது முனையில் தானாகவே ஒரு மின்னழுத்தத்தை வைத்திருக்கிறது. கன்டென்சர் அதை இன்னும் கெட்டிப்படுத்துகிறது. அதுதானே அதன் வேலை. பட்டனை அமுக்கினால் ஸ்டார்ட்டரின் மூன்று தொடுப்புகளும் ஒன்றாக மூடுகின்றன. அப்போது அந்த முனை கம்பத்துக் கம்பியோடு சேர்ந்துவிடுகிறது. டிரான்ஸ்ஃபார்மரில் பீஸ் இல்லாத கம்பிக்கு இப்போது தோட்டத்திலிருந்து கரண்ட் வருகிறது, பின்பக்கமாக. வழியில் ஒரு டீக்கடை பல்பு இருந்தால் அது மங்கலாக எரியும். இருநூறு வோல்ட் என்று வைத்துக்கொள். சித்திரை வெயிலில் கம்பம் ஏறியவரின் வியர்த்த உடம்பு. கையிலிருந்து கால் வரை ஆயிரம் ஓம் என்று பாடப்புத்தகத்தில் போட்டிருக்கும். வகுத்துப் பார். ஒரு ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்கு. இதயம் நிற்க அதில் பாதி போதும். ஏழரை ஆம்பியர் வாங்கும் மோட்டாருக்கு இது பொருட்டே இல்லை. உன் பெட்டியில் நீ வைத்திருக்கும் எந்த பீஸும் போகாது, எந்த ரிலேயும் விழாது. மோட்டார் ஒரு சுற்றுகூடக் குறையாமல் ஓடும். தண்ணீர் வந்துகொண்டே இருக்கும்.

தோட்டத்தில் நிற்பவனுக்கு எதுவும் தெரியாது. இதைத்தான் நான் பல வருடங்களாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அன்று அந்தக் கம்பியில் ஆறு மோட்டார்கள் இருந்தன. ஆறிலும் உன் அப்பா மாட்டிய கன்டென்சர். அவர் டெஸ்டர் வைத்துப் பார்த்தபோது எதுவும் ஓடவில்லை. அவர் ஏறும்போது யாரோ ஒருவர் பட்டனை அமுக்கியிருக்கிறார். இரண்டு கம்பியில் கரண்ட் இருக்கிறது, அண்ணன் நமக்காக விட்டுவைத்திருக்கிறார், பூ கருகுகிறது. அமுக்கியதில் என்ன தவறு? அந்த ஆறு தோட்டக்காரர்களும் சாவுக்கு வந்தார்கள். உன்னைத் தூக்கி வைத்துக்கொண்டவர்கள், தேர் கட்டியவர்கள், தூக்கிப் போனவர்கள் அவர்கள்தான். அவர்களில் ஒருவருடைய விரல். அவருக்கே அது தெரியாது. உன் பெரியப்பாவாகவும் இருக்கலாம். லேபில் அந்த முள்ளைப் பார்த்த பிறகு ஊருக்குப் போயிருந்தேன். அவர் வாய்க்காலில் மண்வெட்டியோடு நின்றார். "வா தாயி, புள்ள நல்லாருக்கானா?" என்றார். நான் எதையும் கேட்கவில்லை. கேட்டு, ஆமாம் என்று அவர் சொல்லிவிட்டால், அதை எங்கே கொண்டு போய் வைப்பது? இருக்கிறவரைக்கும் ஆறில் ஒன்றாக இருக்கட்டும் என்று வந்துவிட்டேன்.

நீ செய்யப்போவது ஒரே ஒரு பெட்டி இல்லை. ஹாலில் இருப்பது முதல் பெட்டி. கல்லுப்பட்டியிலிருந்து பேரையூர் வரைக்கும் எத்தனை கிணறு இருக்கிறதோ அத்தனைக்கும் போகும் என்று அந்த மூத்தவர் சொன்னாரே, அப்போது உன் முகம் மலர்ந்தது. எனக்கு அந்தக் கம்பங்கள் தெரிந்தன.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். பெட்டி இல்லாவிட்டால் அவர்கள் பலகையில் அறைந்து ஓட்டுவார்கள், உன் பெட்டியாவது ஒழுங்காகச் செய்தது என்பாய். உண்மை. தண்ணீர் இல்லாமல் அவர்கள் என்ன செய்வார்கள் என்பாய். எனக்கு அதற்குப் பதில் தெரியாது. கிணறு வைத்திருக்கிறவன் கேட்பதைக் கொடுக்காதே என்று நான் சொல்லவில்லை. உன் அப்பா கொடுத்தது தவறு என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. முயன்று பார்த்தேன், வரவில்லை. அவர் ஒரு பக்கத்துக் கணக்கை மட்டும் பார்த்தார். மோட்டார் ஓடுமா, எரியாமல் இருக்குமா. கம்பத்தின் பக்கம் பார்க்கவில்லை, அவரே கம்பத்தில் ஏறுகிறவராக இருந்தும். நீ கம்பத்தில் ஏறப்போவதில்லை. கடையில் உட்கார்ந்திருப்பாய். ஏறப்போவது வேறொருவன். அவனுக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. மூன்றாவது கம்பிக்குத் தனியாக ஒரு தொடுப்பு. அந்தக் கம்பியில் கரண்ட் வராதபோது அது திறந்தே இருக்க வேண்டும். அது திறந்த பிறகுதான் கன்டென்சர் மோட்டாரோடு சேர வேண்டும். ஒன்று மூடியிருக்கும்போது இன்னொன்று மூட முடியாதபடி இரண்டையும் பிணைத்து வை. இது உனக்குத் தெரியாதது இல்லை. விலை ஏறும் என்று விட்டிருப்பாய், அல்லது தோன்றாமலே இருந்திருக்கும். எதுவாக இருந்தாலும் நான் கேட்கப்போவதில்லை. வைத்தாலும் அவர்கள் கழற்றிப் போட்டுவிட்டு நேராகச் சேர்த்துக்கொள்வார்கள் என்றால், கழற்ற முடியாதபடி வை. அதற்குத்தானே படித்தாய்.

இந்தப் பெட்டியை நான் அப்படியே வைத்திருக்கிறேன். புதன்கிழமை ஆள் அனுப்பு, கொடுத்து விடுகிறேன்.

வெள்ளிக்கிழமை மாட்டுத்தாவணியிலிருந்து முதல் ராஜபாளையம் பஸ்ஸில் வருகிறேன். விளக்கேற்றுகிறேன். கடைக்கு முன்னால் நீ எல்லாரும் பார்க்க ஒரு மோட்டாரை ஓட்டிக் காட்டப்போவதாகச் சொன்னாய். ஓட்டு. மூன்று ஃபேஸும் போட்டு ஓட்டு. பிறகு மூன்றாவது பீஸ் கட்டையைப் பிடுங்கிவிட்டு ஓட்டு. பெட்டி வேலை செய்யட்டும், எல்லாரும் கை தட்டட்டும். அப்போது நான் பக்கத்தில் வந்து, கம்பத்துக் கம்பி வந்து சேருகிற அந்த மூன்றாவது முனையில் கை வைப்பேன். உன் அம்மா சும்மா சொல்கிறாள் என்று நினைக்கமாட்டாய். நான் சும்மா எதுவும் சொன்னதில்லை.

மிரட்டுகிறேன் என்று நினைக்காதே. கம்பத்தில் ஏறுகிறவன் உன்னிடம் கேட்டுவிட்டு ஏறமாட்டான். நான் சொல்லிவிட்டு வருகிறேன். உனக்கு வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. வெயிலில் அலையாதே. அந்த முனையில் ஒன்றும் வராது என்று நீ சொன்னது அன்றைக்குள் உண்மையாகட்டும். பூசை போட்டிருக்கிற இடம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவேன்.

அம்மா